ஸ்பிதிக்கு இரண்டு முறை போனேன், ஒரு முறைதான் பார்த்தேன்

இமாச்சலப் பிரதேசத்தில் இமயமலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்கு முதல் முறை போனபோது நான் நன்றாகப் பார்த்தது ஒரு விடுதி அறையின் கூரையை மட்டும்தான். குறுக்கே மரத்தடிகள், அவற்றின் மேல் நெருக்கமாக அடுக்கிய குச்சிகள், அதற்கும் மேலே மண். படுத்தபடி குச்சிகளை எண்ணுவேன். பாதியில் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன்.

அது ஒரு ஜூன் மாதக் கடைசி. நண்பர்கள் நாலு பேர், கையில் ஐந்து நாள் லீவு. மணாலியில் இறங்கிய மறுநாள் விடியற்காலையில் ஜீப் ஏறினோம். பயணத்தை ஏற்பாடு செய்தவர் எட்டு மணி நேரத்தில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா என்று சொல்லியிருந்தார். அடல் சுரங்கம் வரை எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கிராம்பூவில் ஸ்பிதிப் பக்கம் திரும்பியதும் சாலை என்ற ஒன்று காணாமல் போய், ஆற்றுப் படுகையில் வண்டி ஓட்டுவது போல ஆகிவிட்டது. பதினோரு மணி நேரம் ஆனது. நடுவில் குன்சும் கணவாய், 4,500 மீட்டருக்கும் மேலே. அங்கே நான் வண்டியிலிருந்து இறங்கிக் கொடிகள் பறக்கும் ஸ்தூபி வரை ஓடினேன். யாரோ படம் எடுக்கிறார்கள் என்பதற்காக ஓடினேன்.

மணாலி 2,050 மீட்டர். காஜா 3,700 அளவில். ஒரே பகலில் இவ்வளவு ஏற்றம், இடையில் அதைவிட உயரமான கணவாய் வேறு. சாயங்காலம் தலைவலி வந்தது, பசி என்று நினைத்தேன். குளிருக்கு நல்லது என்று ஒரு நண்பன் கிளாஸை நீட்டினான், அதையும் குடித்தேன். ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று திடுக்கென்று எழுந்தேன். காலையில் வாந்தி. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அங்கிருந்த டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை: "கீழே." நண்பர்கள் கீ மடாலயத்துக்குப் போனார்கள். நான் இன்னொரு வண்டியில் பக்கத்து மாவட்டமான கின்னௌர் பக்கமாக இறங்கினேன். வழியில் தாபோ வந்தது. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய மடாலயம். பின் சீட்டில் படுத்திருந்ததால் அதன் மதில்கூடக் கண்ணில் படவில்லை. ஸ்பிதி ஆறு சட்லஜில் விழுகிற காப் பாலம் வந்ததும் தலைவலி விட்டது. அகோரப் பசி. ரெண்டு பிளேட் ராஜ்மா சாவல் சாப்பிட்டேன்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அந்த அளவுதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். இளைஞர், ஜிம்முக்குப் போகிறவர் என்று அது பார்ப்பதில்லை. சொல்லப்போனால் தெம்பு இருக்கிறவன்தான் ஓடிப்போய் மாட்டிக்கொள்கிறான்.

இரண்டாவது முறை போனது என் பெரியம்மாவோடு. அறுபத்தொரு வயது, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி வலி உண்டு, பி.பி. மாத்திரை உண்டு. "நீ பாக்காம வந்த இடத்தை எனக்குக் காட்டு" என்றார். முதலில் தயங்கினேன். இப்போது யோசித்தால், அவர் வேகத்துக்குப் போனதால்தான் எதையாவது பார்த்தேன் என்று தெரிகிறது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய டாக்டரிடம் போனோம். பி.பி. மாத்திரையை எப்படித் தொடர்வது, உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை தேவையா, எவ்வளவு, எப்போது தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொண்டோம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டயமாக்ஸ் போட்டால் விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி பாத்ரூம் போகத் தோன்றும். பயப்பட வேண்டியதில்லை, தெரிந்திருந்தால் போதும். மெடிக்கல் கடையில் நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மாதம் செப்டம்பர். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், மேல் கிராமங்களில் பார்லி அறுவடை நடக்கும். வழி சிம்லா, கின்னௌர். மணாலி வழியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம், காஜா வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் உயரம் படிப்படியாக ஏறும். மணாலி பக்கம் குன்சும் பனியில் மூடி வருடத்தில் பாதி நாள் திறக்காது. கின்னௌர் வழி நிலச்சரிவு நேரங்கள் தவிர பெரும்பாலும் திறந்திருக்கும். பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். அதில் இரண்டு நாளைத் திட்டத்தில் வெறுமையாகவே விட்டிருந்தேன். எதற்கு என்று பெரியம்மா கேட்டபோது, "எதுக்கும் இல்ல, அதுக்குத்தான்" என்றேன்.

சிம்லாவை விட்டு முதல் ராத்திரி சராஹனில். அங்கே பீமாகாளி கோயில். நம் ஊரில் கோபுரம் என்றால் கல். இங்கே ஒரு வரிசை தேவதாரு உத்தரம், ஒரு வரிசை கல், மறுபடி உத்தரம் என்று சாந்து இல்லாமல் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். காட்குணி என்று பெயர். பூமி அதிர்ந்தால் சுவர் உடையாமல் அசைந்து கொடுக்கும் என்பது கணக்கு. இது நிலநடுக்க நாடு, கணக்கு தப்பவில்லை என்பதற்குக் கோயில் நிற்பதே சாட்சி.

கல்பாவில் இரண்டு ராத்திரி, ஏறத்தாழ 2,900 மீட்டர். ஜன்னலைத் திறந்தால் கின்னர் கைலாஷ் சிகரம். ஆப்பிள் மரங்கள் முட்டுக் கொடுக்க வேண்டிய அளவுக்குக் காய்த்திருந்தன. பச்சை வெல்வெட் பட்டை வைத்த தொப்பியை ஆண், பெண் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1951 அக்டோபரில் சுதந்திர இந்தியாவின் முதல் வாக்கைப் போட்ட ஷியாம் சரண் நேகி இந்த ஊர்க்காரர்தான். பனி விழுந்துவிடும் என்று நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்னாலேயே இங்கே தேர்தல் வைத்தார்கள். பெரியம்மா தேர்தல் வேலை பார்த்தவர், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்தது நாகோ, 3,600 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், நேற்றுத் தூங்கிய உயரத்தைவிட இன்று தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பொது விதி. எங்கள் திட்டத்தில் முதலில் இந்த இடத்தில்தான் அது மீறியது, சரியாக அதே இடத்தில்தான் பெரியம்மாவுக்குத் தலைவலி வந்தது. சாப்பாடும் வேண்டாம் என்றார். வெறுமையாக விட்ட நாட்களில் ஒன்றை அங்கே செலவழித்தோம். ஏரிக்கரையில் மெதுவாக நடப்பது, உட்கார்வது, தண்ணீர் குடிப்பது, அவ்வளவுதான். விடுதிக்காரர் பூண்டு சூப் கொடுத்தார். தொண்டைக்கு இதமாக இருந்தது. அது மருந்து என்று நம்பி மேலே ஏறிவிடக் கூடாது. தலைவலி குறையாமல் ஏறவே கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் காத்திருக்க நேரமில்லை, அந்த ராத்திரியே கீழே இறங்க வேண்டும். டப்பாவில் விற்கிற ஆக்ஸிஜன் சில நிமிடம் வரும், இறங்குவதற்கு மாற்று ஆகாது. மறுநாள் காலை பெரியம்மா, "தோசை கிடைக்குமாடா?" என்று கேட்டார். சரி, ஏறலாம் என்று முடிவு செய்தேன்.

ஏறவும் வேண்டியிருக்கவில்லை. தாபோ நாகோவைவிடத் தாழ்வு, 3,280 மீட்டர்தான். கின்னௌர் வழியில் போவதில் எனக்குப் பிடித்த விஷயம் இது. ஒரு படி ஏற்றி, அரைப் படி இறக்கி, உடம்புக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறது.

தாபோ மடாலயம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. மண் கட்டிடங்கள், சுற்றிலும் மண் மதில். போட்டோ மட்டும் பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். 996-ல் கட்டியது. திபெத்தின் மேற்கே இருந்த குகே நாட்டு அரசன் யேஷே-ஓ காலம். காஷ்மீரத்துக்குப் போய்ச் சமஸ்கிருதம் கற்று நூல்களைத் திபெத்திய மொழியில் கொண்டுவந்த ரின்சென் ஸாங்போவின் பெயரையும் இந்த மடாலயத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அதே சமயம் தஞ்சாவூரில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்தான், பெரிய கோயில் இன்னும் எழும்பவில்லை. அங்கே கருங்கல், இங்கே பச்சை மண். மழை மறைவுப் பள்ளத்தாக்கு என்பதால் மண் ஆயிரம் வருடம் தாங்கியிருக்கிறது. இப்போது முன்னைவிட மழை பெய்கிறது, கூரை ஒழுகிச் சுவரோவியத்தில் தண்ணீர் வழிந்த தடங்கள் தெரிகின்றன.

வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூரையில் ஒரு சின்னத் திறப்பு, அதிலிருந்து விழும் வெளிச்சம்தான். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு கூட்டம் மூன்று நிமிடம் சுற்றிவிட்டு, "ரொம்ப இருட்டு" என்று வெளியே போனது. நானும் போயிருப்பேன். ஆனால் பெரியம்மாவுக்கு முட்டி வலி. ஓரத்தில் இருந்த விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடத்தில் சுவரிலிருந்து ஒரு முழங்கால் வெளியே வந்தது. அப்புறம் ஒரு கை. பத்து நிமிடத்தில் நாலு பக்கச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு உருவங்கள் உட்கார்ந்திருந்தன. மண்ணால் செய்து, வண்ணம் பூசி, பார்வை மட்டத்துக்கு மேலே சுவரில் பொருத்தியவை. 32 உருவங்கள், நடுவில் நாலு திசையும் பார்க்கும் வைரோசன புத்தர். எல்லாம் சேர்ந்து ஒரு மண்டலம், அதாவது பௌத்தத் தெய்வ உலகின் வரைபடம். வழக்கமாகத் துணியில் வரைந்து நாம் வெளியே நின்று பார்க்கிற மண்டலம், இங்கே ஒரு கூடம் அளவுக்குப் பெரிதாகி நாம் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறோம். இது எனக்கு உறைக்க இன்னும் ஒரு பத்து நிமிடம் ஆனது.

சிலைகளுக்குக் கீழே சுவர் முழுக்க ஓவியம். இளம் துறவி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "சவுத்தா?" என்றார். கர்நாடகத்தில் பைலகுப்பேயில் படித்தவராம். அங்கே திபெத்தியர்களின் பெரிய மடாலயங்கள் இருக்கின்றன. கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் இந்தி, இட்லி சாம்பார் பற்றி ஆழமான அறிவு. அவர்தான் அந்த ஓவியத்தின் கதையைச் சொன்னார். சுதனன் என்கிற வணிகர் வீட்டுப் பையன் ஞானம் தேடிக் குருவுக்குப் பின் குருவாக நடக்கிறான். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் அனுப்புகிறார்கள். அவன் நடப்பது தெற்கு நோக்கி. ஊருக்கு வந்தபிறகு அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். அது கண்டவியூக சூத்திரம். ஆரம்பத்தில் அவன் சந்திக்கிற குருக்களில் ஒருவர் திராவிட நாட்டைச் சேர்ந்த மேகர் என்கிற இலக்கண ஆசிரியர். பின்னால் பொதலகம் என்ற மலையில் அவலோகிதர் என்ற போதிசத்துவரைச் சந்திக்கிறான். அது நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இமயத்து இருட்டறையில் நம் ஊர்ப்பக்கம் நடந்து வருகிற ஒரு பையனின் கதை.

உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. இது நல்லதுக்குத்தான். எடுக்க முடிந்திருந்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள், ஆனால் முதல் கால் மணி நேரம் அதைப் போடாதீர்கள். மறுநாள் காலை மீண்டும் போனோம். ஸ்பிதியில் நாங்கள் அதிக நேரம் செலவழித்த கட்டிடம் இதுதான்.

தாபோவுக்கு மேலே பாறையில் துறவிகள் இருந்த குகைகள். 1975 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் மடாலயம் சேதமானது, பக்கத்திலேயே புதிய கூடம் கட்டியிருக்கிறார்கள். அதே நடுக்கத்தில் கியூ கிராமத்தில் பழைய சமாதி ஒன்று பிளந்து, உட்கார்ந்த நிலையிலேயே பதப்பட்டிருந்த ஒரு துறவியின் உடல் தெரிய வந்தது. இப்போது கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் போனேன், பெரியம்மா வரவில்லை. "அவரை நிம்மதியா விடுங்கடா" என்றார்.

அடுத்த ஊர் தங்கர். கரைந்துகொண்டிருக்கும் மண் கூம்புகளின் உச்சியில் நிற்கிற கோட்டையும் மடாலயமும். ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகரம். கீழே ‘பின்’ என்ற பெயருள்ள ஆறு ஸ்பிதி ஆற்றோடு சேர்வது தெரியும். உள்ளே ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று அனுப்புகிறார்கள், தாங்காது என்று. மேலே இருக்கும் ஏரிக்கு ஏறுவதைப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காஜா கடைத்தெரு, பெட்ரோல், ஏ.டி.எம். உள்ள ஊர். ஏ.டி.எம். எப்போது வேலை செய்யும் என்று அதுக்கே தெரியாது, பணத்தை வழியில் கின்னௌரில் வரும் ரெக்காங் பியோவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்குக் காலையில் அரசுப் பேருந்து உண்டு, டாக்ஸிக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு அது போதும். எப்படிப் போனாலும் காலையிலேயே கிளம்புங்கள். மத்தியானத்துக்கு மேல் வெயிலில் பனி உருகி, சாலையைக் கடக்கிற ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும். காலையில் கணுக்கால் நனைகிற இடத்தில் சாயங்காலம் வண்டி நிற்கும்.

கீ மடாலயம் 4,166 மீட்டர். படம் எடுக்க எல்லோரும் எதிர் மேட்டில் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் சமையலறை. கரி படிந்த சுவர், பித்தளைப் பாத்திரங்கள், வந்தவருக்கெல்லாம் டீ. அங்கிருந்து கிப்பர், அப்புறம் பாதாளத்தின் மேல் நிற்கும் சிச்சம் பாலம். 2017-க்கு முன்னால் கயிற்றில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்துதான் அந்தப் பள்ளத்தைக் கடந்தார்களாம். ஹிக்கிமில் உலகிலேயே உயரமான தபால் நிலையம் என்று கூட்டம். நாங்களும் கார்டு போட்டோம், வந்து சேர்ந்தது. உலகிலேயே உயரமான இது, அது என்று ஊருக்கு ஊர் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைகளை மட்டும் தேடிப் போகிறவர்களுக்கு ஸ்பிதி ஒரு நாள் வேலைதான்.

லாங்ஸா அப்படி இல்லை. 4,400 மீட்டரில் கிராமம், மேலே பெரிய புத்தர் சிலை, பின்னால் சாவ் சாவ் காங் நில்டா சிகரம். ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாவை நான் தீதி என்றேன், அவர் பெரியம்மாவை மாதாஜி என்றார். ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து துக்பா என்கிற நூடுல்ஸ் சூப். காலையில் பார்லி மாவை உப்பு போட்ட வெண்ணெய் டீயில் பிசைந்து உருண்டை. பெரியம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சத்துமாவுதானே" என்று முடித்துவிட்டார். கழிவறையில் தண்ணீர் கிடையாது. மேல் மாடித் தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. மக்கியதும் வயலுக்குப் போகும். பனி உருகி வருகிற தண்ணீரை நம்பித்தான் பார்லியும் பட்டாணியும். அதைக் குளிக்கக் கேட்காதீர்கள். நாங்கள் மூன்று நாள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டதோடு சரி.

வீட்டு வாசலில் ஒரு சின்னப் பையன் கருப்பாக உருண்டைக் கற்கள் விற்றான். பிளந்தால் உள்ளே சுருள் சுருளாக நத்தை போல ஒன்று. பெரியம்மா கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது. "டேய், இது சாளக்கிராமம்டா." தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பூஜையில் இருக்கிற கல், நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றேதான். இமயம் எழும்புவதற்கு முன் இங்கே கிடந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்கிற உயிரினம். கடல் போய், படுகை மடங்கி மேலெழுந்து, இப்போது நாலாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு பையன் கையில் இருக்கிறது.

வாங்கவா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் விரலால் அந்தச் சுருளைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் பையனிடமே திருப்பிக் கொடுத்து, பையில் இருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தார். ஒவ்வொரு வண்டியும் ஒன்றிரண்டு எடுத்துப் போனால் கிராமத்தில் என்ன மிஞ்சும் என்று தீதியும் முதல் நாளே வருத்தப்பட்டிருந்தார். பார்க்கலாம், தொடலாம், வைத்துவிட்டு வரலாம்.

பழக்க வழக்கங்களில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. யாரைப் பார்த்தாலும் ஜூலே, அதாவது வணக்கம். ஸ்தூபியையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர்களையும் வலமாகச் சுற்றிப் போக வேண்டும், நம் பிரதட்சணம்தான். எங்கள் டிரைவர் நடுச்சாலையில் இருந்த ஸ்தூபிக்காக வண்டியையே வலமாகத்தான் சுற்றி ஓட்டினார். முதியவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இதை எழுத வேண்டியிருப்பதே வெட்கம், ஆனால் எழுத வேண்டியிருக்கிறது.

திரும்பும்போதும் அதே வழி, மீண்டும் தாபோ. அந்த இளம் துறவி எங்களைப் பார்த்ததும் சிரித்தார். பெரியம்மாவின் பையில் பருப்புப் பொடி மிச்சம் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பா. கொடுத்ததும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்கு ஓடினார். இரண்டு நிமிடத்தில் வந்தார். பொடியை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இதை நீங்கள் எடுத்துப் போய்விடுங்கள், மாதாஜி. இங்கே போட இடமில்லை."